ஓட்டு ஏன் கை மாறுகிறது: மகோம் முதல் ஸ்டார் கவுண்டி வரை

அனைவருக்கும் வணக்கம்.

2024 நவம்பரில் நடந்த அமெரிக்கத் தேர்தலை நம்மில் பலர் துளசேந்திரபுரம் வழியாகத்தான் பார்த்தோம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமம் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பிறந்த ஊர். கோயிலில் பூஜை நடந்தது, பேனர் கட்டினார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் போய் நின்றார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளரான அவர் குடியரசுக் கட்சியின் டிரம்பிடம் தோற்றதும் நாம் ஒரு காரணத்தைச் சொல்லி அதோடு முடித்துக்கொண்டோம்: கறுப்பினத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த ஒரு பெண்ணை அமெரிக்கா ஏற்கவில்லை. அந்தக் காரணத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டார் கவுண்டியில் நடந்ததை விளக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. ஸ்டார் கவுண்டி டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரை மெக்சிகோ. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், வசதி குறைந்தவர்கள். 1892க்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் அதிபர் தேர்தலில் அங்கே ஜெயித்ததில்லை. 2016ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனுக்கு அங்கே 79 சதவீத ஓட்டு விழுந்தது. 2020ல் பைடனுக்கு 52. 2024ல் டிரம்ப் ஏறத்தாழ 58 சதவீதத்தோடு ஜெயித்தார். எல்லையில் சுவர் கட்டுவேன் என்று சொன்னவருக்கு எல்லையிலேயே வாழ்கிற மெக்சிகோ வம்சாவளி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். எட்டே ஆண்டுகளில் இது எப்படி நடந்தது?

இன்று பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம் நிற்கும் பழமைவாதிகள், ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்கும் தாராளவாதிகள் மீது வைக்கும் குற்றச்சாட்டுகள் ஏராளம். வரி, கடவுள், துப்பாக்கி, கருக்கலைப்பு, குற்றம், குடியேற்றம் என்று நீளும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு புகார்தான் ஓடுகிறது: முடிவை எடுப்பது அவர்கள், அதன் விளைவைச் சுமப்பது நீங்கள். எங்கெல்லாம் இந்தப் புகார் வாக்காளர் தன் தெருவில் பார்த்ததோடு ஒத்துப்போனதோ, அங்கெல்லாம் ஓட்டு நகர்ந்திருக்கிறது. ஒத்துப்போகாத இடத்தில் எவ்வளவு கோடி டாலர் கொட்டி விளம்பரம் செய்தாலும் நகரவில்லை.

முதலில் 1969ஆம் ஆண்டு நியூயார்க். அந்த பிப்ரவரியில் பெரும் பனிப்புயல் அடித்தது. நகரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவீன்ஸ் பகுதியில் நாள்கணக்கில் பனி அள்ளப்படவில்லை. மேயர் ஜான் லிண்ட்சே தாராளவாதிகளின் செல்லப்பிள்ளை. அழகானவர், மன்ஹாட்டன் மேல்தட்டின் நண்பர். கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் இறங்கி நடந்து, கலவரம் மூளாமல் காத்தவர் என்ற நல்ல பெயரும் அவருக்கு உண்டு. அவர் குவீன்ஸுக்குப் போனபோது மக்கள் முகத்துக்கு நேரே கத்தி விரட்டினார்கள். அந்த ஆண்டு மேயர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற மாரியோ புரொகச்சினோ, ஏழை இத்தாலியக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் பயன்படுத்திய சொல் 'லிமோசின் லிபரல்'. சொகுசுக் காரில் போய்க்கொண்டே, பஸ்ஸில் போகிறவனுக்கு நியாயம் போதிக்கும் ஆள் என்று பொருள். அந்தச் சொல் இன்றுவரை சாகவில்லை.

அந்தத் தேர்தலில் லிண்ட்சே ஜெயித்தார். ஏறத்தாழ 42 சதவீதம்தான், மும்முனைப் போட்டி வேறு. என்றாலும் ஜெயித்தார். தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, பனி விஷயத்தில் நான் கணக்குத் தவறிவிட்டேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டார். பின்னால் வந்த தாராளவாதத் தலைவர்களில் பலர் இதை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

அடுத்தது மகோம் கவுண்டி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்க அரசியலின் பாதி வரலாறு அங்கே கிடக்கிறது.

மிஷிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லை எயிட் மைல் சாலை. அதைத் தாண்டினால் மகோம். வாரன், ஸ்டெர்லிங் ஹைட்ஸ் போன்ற ஊர்கள். போலந்து, இத்தாலி, ஜெர்மனி வழி வந்த கார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். 1960ல் கென்னடிக்கு அங்கே 63 சதவீதம் விழுந்தது. நாட்டின் புறநகர்க் கவுண்டிகளில் ஜனநாயகக் கட்சிக்கு இதைவிட வலுவான இடம் கிடையாது என்றார்கள். 1984ல் அதே மகோமில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு குடியரசுக் கட்சியின் ரீகனுக்குப் போனது.

நடுவில் என்ன நடந்தது? 1967 ஜூலையில் டெட்ராய்ட் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர் நகரை விட்டு வெளியேறும் வேகம் கூடியது. 1972 ஜூனில் நீதிபதி ஸ்டீபன் ராத் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். டெட்ராய்ட் பள்ளிகளையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்து, பிள்ளைகளைப் பஸ்ஸில் மாற்றி அனுப்பி, நிறப் பிரிவினையை உடைக்க வேண்டும் என்றார். மகோம் கொதித்தது. தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதமே, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மிஷிகனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில், நிறப் பிரிவினையின் முகமாக இருந்த அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். மேரிலாந்தில் அவர் துப்பாக்கியால் சுடப்பட்டதற்கு மறுநாள் அது. கடைசியில் 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் ராத்தின் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது. புறநகருக்கு ஒரு பஸ்கூட வரவில்லை. கோபம் மட்டும் தங்கிவிட்டது.

இதில் நிறவெறி இருந்தது. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மை சொல்லாதவனாவேன். 1970ல் ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்த வாரன் நகரில் கறுப்பின மக்கள் சில நூறு பேர்கூட இல்லை. அது தற்செயல் அல்ல. வீடு வாங்கப் போனவர்களை விரட்டினார்கள்.

அப்புறம் இன்னொன்றும் இருந்தது. பாஸ்டனைப் பாருங்கள். அதே 1974ல் அங்கே பஸ் திட்டத்துக்கு உத்தரவிட்ட நீதிபதி ஆர்தர் காரிட்டி, வெல்ஸ்லி என்ற வசதியான புறநகரில் குடியிருந்தார். அவருடைய ஊருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. சவுத் பாஸ்டனின் ஐரிஷ் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ராக்ஸ்பரியின் கறுப்பின வீட்டுப் பிள்ளையும்தான் பஸ் ஏறினார்கள். ஒரு ஏழைத் தெருவும் இன்னொரு ஏழைத் தெருவும் மோதிக்கொண்டன. சமத்துவம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதற்கான விலையை இரண்டு ஏழைகள் தலையில் மட்டும் கட்டிய விதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பழமைவாதிகள் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள்.

பிறகு கார் தொழில் சரிந்தது. 1980ல் பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியது. குடியரசுக் கட்சி அந்த ஆண்டு தன் மாநாட்டை டெட்ராய்ட்டிலேயே நடத்தியது. ரீகன் ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு நான்கு முறை ஓட்டுப் போட்டவர், நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர். நான் ஜனநாயகக் கட்சியை விட்டுப் போகவில்லை, கட்சிதான் என்னை விட்டுப் போனது என்று அவர் சொன்னபோது, தங்கள் மனத்தில் இருந்ததை ஒருவர் சொல்லிவிட்டார் என்றுதான் மகோம் தொழிலாளிக்குத் தோன்றியது.

1985ல் ஜனநாயகக் கட்சிக்காக ஸ்டான்லி கிரீன்பெர்க் என்ற கருத்துக்கணிப்பாளர் மகோமுக்குப் போனார். கட்சியை விட்டுப் போன தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துப் பேசவிட்டார். எங்கள் வரிப்பணத்தில் வேறு யாருக்கோ உதவி போகிறது, எங்களுக்கு யாரும் இல்லை என்றார்கள். அந்த 'வேறு யாரோ' கறுப்பின மக்கள் என்பதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. அந்த அறிக்கையைப் படித்து மாநிலக் கட்சிக்காரர்கள் பலர் அதிர்ந்தார்கள். பில் கிளிண்டன் அதைக் கவனமாகப் படித்தார். 1992ல் சரியாக உழைத்து விதிப்படி வாழும் நடுத்தரக் குடும்பம் என்பதைத் தன் பிரச்சாரத்தின் மையமாக்கினார். மகோமில் தோற்றாலும் தோல்வியின் அளவைச் சுருக்கி, மிஷிகனைப் பிடித்தார். 2008ல் ஒபாமா மகோமிலேயே ஜெயித்தார், 2012லும் ஜெயித்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். நிறவெறி மட்டுமே அங்கே ஓட்டை முடிவு செய்திருந்தால், ஒரு கறுப்பினத்தவர் இரண்டு முறை ஜெயித்திருக்க முடியாது. 2016ல் அதே கவுண்டி டிரம்ப் பக்கம் திரும்பியது. மகோமில் மட்டும் அவர் பெற்ற கூடுதல் ஓட்டு ஏறத்தாழ 48,000. மிஷிகன் மாநிலம் முழுவதிலும் அவருடைய வித்தியாசம் 10,704. ஒரு கவுண்டி ஒரு மாநிலத்தைக் கொடுத்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டன் நியூயார்க்கில் ஒரு நிதி திரட்டும் விருந்தில், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிந்தவர்கள் என்ற பொருளில் ஒரே கூடையில் போட்டுப் பேசினார். 2008ல் ஒபாமாவும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில்தான், வேலை போன சிறு நகரத்து மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பேசி மாட்டிக்கொண்டார். இரண்டு பேச்சும் நடந்த இடங்களைக் கவனியுங்கள். பணக்கார ஆதரவாளர்கள் நடுவில், அந்த மக்கள் இல்லாத அறையில், அந்த மக்களைப் பற்றி. புரொகச்சினோவின் புகாருக்கு இதைவிடப் பெரிய சாட்சியத்தை எந்தப் பழமைவாதியாலும் தயாரித்திருக்க முடியாது.

பழமைவாதிகளின் விமர்சனம் சுத்தமானது என்று நான் சொல்லவில்லை. 1988 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸுக்கு எதிராக, சிறையிலிருந்து வார விடுப்பில் போய்க் குற்றம் செய்த ஒரு கறுப்பினக் கைதியின் முகத்தை வைத்து விளம்பரம் ஓட்டினார்கள். அச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் காட்டிய வேலை அது. அந்தக் கைதியின் கதையைப் பிரச்சாரத்தின் ஆயுதமாக்கிய குடியரசுக் கட்சிப் பிரச்சார மேலாளர் லீ அட்வாட்டர், மரணப் படுக்கையில் டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் நிறத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள் என்ற விளக்கம் சான் பிரான்சிஸ்கோவில் செல்லாது. 2020ல் டிரம்புக்கு அங்கே சுமார் 13 சதவீதம்தான் கிடைத்தது. அந்த நகரத்தின் பள்ளிக் குழு, 2021 ஜனவரியில், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, லிங்கன், வாஷிங்டன் பெயர் தாங்கியவை உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது. பெற்றோர் பள்ளியைத் திறக்கக் கேட்டார்கள். குழு பெயர்ப்பலகையைப் பேசியது. 2022 பிப்ரவரியில் குழுவின் மூன்று உறுப்பினர்களை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். முன்னால் நின்று உழைத்தவர்களில் சீன வம்சாவளிப் பெற்றோர் பலர். நான்கே மாதத்தில் தலைமை அரசு வழக்கறிஞர் சேசா பூடினும் அதே வழியில் வெளியேற்றப்பட்டார். இவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள் இல்லை. கட்சி மாறாமலே கோபப்பட்டவர்கள்.

சரி, ஸ்டார் கவுண்டிக்கு வருவோம். அங்கே நல்ல சம்பளம் தரும் வேலைகள் இரண்டு: எல்லைக் காவல், மேற்கு டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகள். எல்லைக் காவல் படையில் ஏறத்தாழ பாதிப் பேர் லத்தீனோக்கள். 2020 அக்டோபர் விவாதத்தில், எண்ணெய்த் தொழிலிலிருந்து நாடு படிப்படியாக விலகும் என்றார் பைடன். பருவநிலைக்கு அது சரியான திசை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளிக்கு அது தன் சம்பளச் சீட்டைப் பற்றிய பேச்சு. பிறகு 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது ஆண்டுகளில் அதிகம். 2019க்கும் 2023க்கும் இடையில் உணவுப் பொருள் விலை 25 சதவீதம் ஏறியது. 2024ல் ஜனநாயகக் கட்சிப் பொருளாதார நிபுணர்கள் பணவீக்கம் இறங்கிவிட்டதை வரைபடம் போட்டுக் காட்டினார்கள். விலை ஏறும் வேகம்தான் இறங்கியது, ஏறிய விலை இறங்கவில்லை. முட்டை வாங்குகிறவருக்கு இது தெரியும். ஹாரிஸுக்கு எதிராக அதிகம் பேசப்பட்ட விளம்பரம் திருநங்கையர் உரிமையைத் தாக்கியது. கமலா அவர்களுக்காக, டிரம்ப் உங்களுக்காக என்பது அதன் முடிவு. ஒரு சிறுபான்மையைக் காட்டி வெறுப்பூட்டியது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அது வேலை செய்ததற்குக் காரணம் அந்த 'உங்களுக்காக'.

அப்படியானால் அமெரிக்கா வலதுசாரியாகிவிட்டதா? 2024 நவம்பரில் மிசூரி மாநிலத்தைப் பாருங்கள். டிரம்ப் பதினெட்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் அதே மக்கள் கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் ஆக்கினார்கள். 2020ல் புளோரிடாவும் டிரம்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு 15 டாலர் கூலிக்கு வழி செய்தது. தாராளவாதிகளின் கொள்கை வேண்டும், தாராளவாதத் தலைவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வாக்காளர் இவர். இது பழமைவாதிகளுக்குக் கிடைத்த நிரந்தர ஓட்டு இல்லை.

நியூஜெர்சியின் பசேக் கவுண்டியில் பேட்டர்சன் போன்ற லத்தீனோ மக்கள் நிறைந்த ஊர்கள் இருக்கின்றன. 2024ல் டிரம்ப் அங்கே ஜெயித்தபோது, உழைக்கும் மக்களின் கட்சி இனி நாங்களே என்றார்கள் குடியரசுக் கட்சியினர். 2025 நவம்பர் 4 அன்று ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் நின்றார். பேசியதில் முக்கியமானது மின்கட்டணம், அதை உறையவைப்பேன் என்ற வாக்குறுதி. பசேக் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பியது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் அதே கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கர் ஜெயித்தார். நியூயார்க்கில், டிரம்புக்கு ஓட்டுப் போட்ட குவீன்ஸ், பிராங்க்ஸ் மக்களிடம் ஓராண்டுக்கு முன்பே தெருவில் மைக்கோடு போய் ஏன் என்று கேட்டு, வாடகை, விலைவாசி என்ற பதிலைக் காது கொடுத்துக் கேட்ட ஜனநாயகக் கட்சியின் ஸோரான் மம்தானி மேயர் தேர்தலில் ஜெயித்தார்.

அன்று இரவு டிரம்ப் தன் கட்சியின் தோல்விக்குச் சொன்ன காரணங்கள் இரண்டு: வாக்குச்சீட்டில் தன் பெயர் இல்லாதது, நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் ஏற்பட்ட அரசாங்க முடக்கம். மின்கட்டணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நன்றி.