எல்சாட் ரீடிங்: கடைசி இரண்டு ஆப்ஷனில் ஏன் மாட்டிக்கொள்கிறோம்?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவுக்குப் பிறகு உங்களில் நிறைய பேர் கேட்டிருந்தது ஒரே கேள்விதான். "எல்சாட் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் மூன்று ஆப்ஷனைச் சுலபமாக அடித்துவிடுகிறேன். மிச்சம் இருக்கிற இரண்டில் தவறானதைத்தான் தொடுகிறேன். என்ன செய்வது?" இன்றைக்கு அதை மட்டும் பேசலாம்.

புதிதாக வந்தவர்களுக்காகப் பரீட்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட்டில், 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வது மூன்று பகுதிகள்: சின்னச் சின்ன வாதங்களை ஆராயும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, ரீடிங் ஒன்று. இவற்றோடு மதிப்பெண்ணில் சேராத ஒரு பகுதியும் வரும். எது அந்தப் பகுதி என்று எழுதும்போது தெரியாது. அதனால் ரீடிங் இரண்டு தடவை வந்தாலும் இரண்டையும் முழு மனதோடு எழுதித்தான் ஆக வேண்டும். ரீடிங்கில் 35 நிமிடம், நான்கு செட் (ஒரு பாசேஜ், அதாவது வாசிப்புப் பகுதியும் அதற்கான கேள்விகளும் சேர்ந்தது ஒரு செட்), சுமார் 27 கேள்விகள். ஒரு செட்டுக்கு எட்டே முக்கால் நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எனவே எதையும் வெறுமனே விடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆப்ஷனில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் "எனக்கு ஆங்கிலம் போதவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாசேஜ் புரியாமல் போயிருந்தால் மூன்று ஆப்ஷனைக்கூட உங்களால் அடித்திருக்க முடியாது. தொலைந்து போவது பொருள் இல்லை, அதைச் சொன்ன ஆள். பாசேஜுக்குள் இரண்டு மூன்று பேர் பேசுகிறார்கள். பழைய கருத்துக்காரர்கள், அவர்களை மறுப்பவர்கள், இவர்கள் எல்லோரையும் பார்த்து ஒரு முடிவுக்கு வரும் ஆசிரியர். வாசித்து முடிக்கும்போது எல்லாம் ஒரே குரலாகக் கலந்துவிடுகிறது. கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒன்றைச் செய்தே பார்க்கலாம். இது நான் எழுதிய பயிற்சிப் பத்தி. வழக்கும் தீர்ப்பும் நிஜம், விவாதத்தைப் பயிற்சிக்காக அமைத்திருக்கிறேன். உண்மையான பாசேஜ் இதைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும். மெதுவாக வாசிக்கிறேன், கவனியுங்கள்.

"வாய்மொழி வரலாற்றை நீதிமன்றங்கள் நெடுங்காலம் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்தன. கனடாவின் கிட்க்ஸான், வெட்சுவெட்டன் மக்கள் நில உரிமை கோரித் தொடுத்த டெல்கமூக் வழக்கிலும், விசாரணை நீதிபதி அவர்களுடைய வாய்மொழி வரலாற்றுக்குத் தனி மதிப்புத் தரவில்லை. 1997-ல் கனடா உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணங்களுக்கு இணையான இடம் தர வேண்டும் என்று கூறி, புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. சில அறிஞர்கள் இதை முழு வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். இது முக்கியமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் சாட்சியத்தை ஏற்பது வேறு, அதற்கு எவ்வளவு எடை தருவது என்பது வேறு. அந்த எடையை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதியே தீர்மானிப்பதால், பழைய தயக்கம் வேறு வடிவில் தொடர இடமிருக்கிறது."

கேள்வி இது: கீழே உள்ளவற்றில் எந்தக் கூற்றை ஆசிரியர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

அ, 1997 தீர்ப்போடு நீதிமன்றங்களின் தயக்கம் முடிவுக்கு வந்துவிட்டது.
ஆ, வாய்மொழி வரலாறு எழுத்து ஆவணத்தைவிட நம்பத்தக்கது.
இ, அந்தத் தீர்ப்பால் நடைமுறையில் எந்தப் பயனும் இல்லை.
ஈ, ஒரு சாட்சியம் ஏற்கப்பட்ட பிறகும் வழக்கின் முடிவில் அதற்குப் பெரிய பங்கு இல்லாமல் போகலாம்.
உ, சாட்சியத்தின் எடையைத் தீர்மானிக்கும் அதிகாரம் விசாரணை நீதிபதிகளிடம் இருக்கக் கூடாது.

வீடியோவை நிறுத்திவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

'ஆ' உடனே போய்விடும். இணையான இடம் என்றுதான் பாசேஜ் சொல்கிறது, எது உசத்தி என்ற பேச்சே இல்லை. 'இ' போவதற்கு "ஐயமில்லை" என்ற ஒரு சொல் போதும். முக்கியமான தீர்ப்பு என்று தன் வாயால் சொன்னவர், பயனே இல்லை என்று சொல்ல மாட்டார். 'அ' கிட்டத்தட்ட பாசேஜில் இருப்பதுதான், ஆனால் அது அந்த அறிஞர்களின் குரல். "சில அறிஞர்கள்" என்று ஆரம்பிக்கும்போதே ஆசிரியர் கொஞ்சம் தள்ளி நிற்கிறார், அடுத்து வரும் "ஆனால்" அதை உறுதி செய்கிறது.

மிச்சம் 'ஈ', 'உ'. இங்கேதான் நீங்கள் சொல்லும் அந்தச் சிக்கல். 'உ' ரொம்ப நியாயமாகப் படும். நீதிபதிகள் எடையைத் தீர்மானிப்பதால்தானே பிரச்சினை, அப்படியென்றால் அவர்களிடம் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்றுதானே ஆசிரியர் சொல்வார்? இல்லை. ஆசிரியர் குறையைக் காட்டினார், தீர்வு என்று எதையும் சொல்லவில்லை. அந்தக் கடைசி அடியை எடுத்து வைத்தது நாம். சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு வாதத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது இயல்பாகவே வரும். அது நல்ல குணம்தான், இந்தப் பகுதியில் மட்டும் அதற்கு வேலை இல்லை. 'ஈ'யோ பாசேஜில் இருக்கும் வேறுபாட்டையே வேறு சொற்களில் சொல்கிறது. அதிலும் "போகலாம்" என்று அடக்கமாகச் சொல்கிறது. அதை நிரூபிக்க எந்த வரியில் விரல் வைக்க வேண்டும் என்று உங்களால் காட்ட முடியும். விடை 'ஈ'.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். "அந்தச் சில அறிஞர்கள் எதை ஏற்பார்கள்?" என்று கேட்டால் விடை என்ன? 'அ'. பாசேஜும் ஆப்ஷன்களும் மாறவில்லை, கேள்வி யாரைப் பற்றியது என்பதுதான் மாறியது. அதனால் கேள்வியை வாசிக்கும்போது யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். விசாரணை நீதிபதியை ஆசிரியர் ஏன் குறிப்பிடுகிறார் என்றும் கேட்கலாம். அங்கே நீதிபதி என்ன செய்தார் என்பது விடை ஆகாது. நீதிமன்றங்களின் பழைய போக்குக்கு உதாரணம் காட்டவே அவரைக் கொண்டுவந்தார் என்பதே விடை.

கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பாசேஜுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். என் கருத்து, வேண்டாம். ஏழு கேள்விகளைத் தலையில் வைத்துக்கொண்டு வாசித்தால் தேடுதல் நடக்கும், வாசிப்பு நடக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இரண்டு விநாடி நில்லுங்கள். யார் பேசினார், எதற்காக? மனதுக்குள் தமிழிலேயே பதில் சொல்லிக்கொள்ளலாம், தப்பே இல்லை. திரையில் ஹைலைட் செய்ய வசதி இருக்கிறது. அதை ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்க வண்ணம் அடித்தால் திரும்பி வரும்போது எதுவும் கண்ணில் படாது.

அறிவியல் பாசேஜ் என்றால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அங்கேயும் இதே வேலைதான். பாடத்தைப் பற்றி முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு விளக்கம் இருக்கும், அதற்கு ஒத்துவராத ஒரு கண்டுபிடிப்பு வரும், பிறகு வேறு விளக்கம் வரும். வாயில் நுழையாத பெயர்களை அப்படியே கடந்து போங்கள். ஆசிரியர் எந்த விளக்கத்தின் பக்கம், எவ்வளவு உறுதியோடு சாய்கிறார் என்பதை விடாதீர்கள்.

நான்கு செட்டில் ஒன்று ஒப்பீட்டு வாசிப்பு, இரண்டு சிறிய பாசேஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2007-லிருந்து இது வருகிறது. முதலாவதை முடித்ததும் அதன் நிலைப்பாட்டை ஒரே வரியில் சொல்லிக்கொண்டு, இரண்டாவது ஆசிரியர் அந்த வரியைக் கேட்டால் தலையாட்டுவாரா, மறுப்பாரா என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். இருவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கேட்பார்கள், சண்டையை மட்டும் தேடாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு பாசேஜை வாசிக்க மூன்றிலிருந்து நான்கு நிமிடம் செலவானால் கவலைப்பட வேண்டாம், ஒழுங்காக வாசித்திருந்தால் கேள்விகள் வேகமாக நகரும். ஒரு கேள்வி இழுத்தால் தோன்றுவதைக் குறித்து, கொடி வைத்துவிட்டு நகருங்கள். கஷ்டமான கேள்விக்கும் சுலபமான கேள்விக்கும் ஒரே மதிப்பெண்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: எல்சாட்டை நடத்தும் அமைப்பின் இணையதளமான லாஹப்பில் இலவசக் கணக்கிலேயே பயிற்சித் தேர்வுகள் கிடைக்கின்றன. அதில் ஒரே ஒரு பாசேஜ் எடுத்து, டைமர் இல்லாமல் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை நிரூபிக்கும் வரியை எழுதுங்கள். உங்களை மயக்கிய அந்த இரண்டாவது ஆப்ஷனைக் கவிழ்க்கும் சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள். யாரோ சொன்னதை ஆசிரியர் தலையில் கட்டியதா, அளவுக்கு மீறிப் பேசியதா, ஒரு படி தாண்டிப் போனதா என்று குறித்துவைத்தால், நீங்கள் எந்த வகையில் அடிக்கடி விழுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அடுத்த வீடியோவில் ஒப்பீட்டு வாசிப்பு ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இதை எழுதி முடித்து வையுங்கள்.