பதிலை அவர்களே சொல்லட்டும்

அன்பார்ந்த நண்பர்களே,

வயதானால் பெற்றோரும் குழந்தைகள்தான் என்று பாசத்தோடு சொல்கிறோம். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தன் நன்மை தீமை இன்னும் தெரியாது என்பதால் குழந்தைக்காக நாம் முடிவெடுக்கிறோம். தாய் தந்தையோ வாழ்நாள் முழுக்கத் தமக்காகவும் நமக்காகவும் முடிவெடுத்தவர்கள். முழங்கால் தளர்ந்ததால் அந்த உரிமை போய்விடுமா?

மருத்துவரின் அறையில் நடப்பதைப் பாருங்கள். "இரவில் தூக்கம் வருகிறதா, ஐயா?" என்று மருத்துவர் கேட்கிறார். அப்பா யோசித்து வாயெடுப்பதற்குள், "வருகிறது டாக்டர், நடுவில்தான் எழுந்துகொள்கிறார்" என்று மகன் சொல்லிவிடுகிறான். அடுத்த கேள்வி மகனிடமே போகிறது. அதற்கடுத்ததும் அப்படியே. அப்பா சட்டைப் பொத்தானைத் திருகியபடி உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கு விடுப்பு எடுத்து அழைத்து வந்த பாசமுள்ள மகன்தான் அவன். ஆனாலும் தன் உடம்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்த மனிதர் பார்வையாளராகிவிட்டாரே, அது எனக்கு வலிக்கிறது.

சமூகப் பணி ஆய்வாளர் மார்கரெட் பிளென்க்னர் 1965இல், நடுவயதுப் பிள்ளைகள் அடைய வேண்டிய ஒரு முதிர்ச்சியைப் பற்றி எழுதினார். பெற்றோருக்கே பெற்றோராகிவிடுவதை அவர் முதிர்ச்சியாகக் கருதவில்லை. அவர்கள் நம்பிச் சாய்ந்துகொள்ளக்கூடிய பிள்ளையாக வளர்வதையே அப்படிச் சொன்னார். 1976இல் உளவியலாளர்கள் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் உங்கள் முடிவுகள் உங்களுடையவை என்று சொல்லி, ஆளுக்கொரு செடியை வளர்க்கக் கொடுத்தார்கள். மற்றவர்களின் செடிக்கு ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் முதல் பிரிவினரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில் உதவி தேவைப்படுவதற்கு வெகு முன்பே, பணக் கணக்கிலும் மாத்திரை வேளையிலும் தடுமாற்றம் தெரியத் தொடங்கும். அங்கே பக்கத்தில் உட்காருங்கள். கணக்கைச் சேர்ந்து பாருங்கள். கையெழுத்து அவர்களுடையதாகவே இருக்கட்டும். அடுப்பை அணைக்க மறந்தாலோ, ஒரே மாத்திரையை இரண்டு முறை விழுங்கினாலோ தயங்காமல் தலையிட வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

காது விஷயமும் உண்டு. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். குரல் கேட்கும், சொல் பிரியாது. நாம் கத்தினால் அவர்களுக்குக் கோபம் மட்டும் கேட்கிறது. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுங்கள்.

இன்னொன்று, பலரும் தள்ளிப்போடும் பேச்சு. உடல் மிகவும் முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விருப்பம் என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, "என்னிடம் அம்மா வேறு மாதிரி சொன்னார்" என்று பிள்ளைகள் மோதிக்கொள்ளும் நிலையை அது பெருமளவு தவிர்க்கும்.