மாநகராட்சி நடத்திய ரேடியோ

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை வானொலியின் கதையை 1938 ஜூன் 16-இல் தொடங்குவது வழக்கம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்ட நாள் அது. எனக்கு அதற்கு முந்தைய பதினான்கு வருடத்தின் மேல்தான் பிரியம்.

1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் சில ஆர்வலர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31-இல் ஒலிபரப்பும் ஆரம்பமானது. கையில் இருந்ததோ 40 வாட் டிரான்ஸ்மிட்டர். பழைய குண்டு பல்பு ஒன்று எரிய அவ்வளவு மின்சாரம் வேண்டும்! அப்புறம் 200 வாட் வரை போனார்கள். ஆனால் ரேடியோ பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1927-இல் பணமில்லாமல் கிளப் நின்றுபோனது.

அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு தனியார் கம்பெனி நிலையங்களைத் திறந்தது. ரேடியோ பெட்டி வைத்திருப்பவர்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தை நம்பிய அந்தக் கம்பெனி மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு அரசாங்கம் எடுத்து நடத்தியது. சென்னைக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? மாநகராட்சி. ஆமாம், அன்று குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் கவனித்த அதே மாநகராட்சிதான். கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் அதன் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒலிபரப்பு. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். காற்று வாங்க வந்தவர் காலை நீட்டி உட்கார்ந்து கச்சேரி கேட்டுவிட்டுப் போகலாம். பொது ஒலிபரப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடம் இப்படி ஓடியது.

சரி, 1938-க்கு வருவோம். புதிய நிலையத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். நகரத்துக்கு கால் கிலோவாட் மத்திய அலை. மாகாணம் முழுவதற்கும் 10 கிலோவாட் சிற்றலை. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்புவதால் வெகுதூரம் போகும். ஆனால் பாடகர் நிரவலில், அதாவது ஒரே வரியை விதவிதமாகப் பாடுவதில், இருக்கும்போது குரல் தேய்ந்து, மறுபடி எழும்பும். இன்னொரு சிக்கல் மொழி. சென்னை மாகாணம் என்றால் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் அடக்கம். ஒரே நிலையம் யாருக்கென்று பேசும்?

பதினொரு மாதத்தில், 1939 மே 16-இல், திருச்சி நிலையம் வந்தது. அதற்கு 5 கிலோவாட் மத்திய அலை. சென்னை நகரத்துக்குக் கிடைத்ததைப்போல இருபது மடங்கு. காவிரிக் கரைக்காரர்களுக்குத் தங்கள் மொழியில் ஒரு நிலையம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. தெலுங்கு நேயர்கள் விஜயவாடாவுக்காக 1948 வரை காத்திருந்தார்கள். மலபார்க்காரர்களுக்கு கோழிக்கோடு நிலையம் வர 1950 ஆனது. அதுவரை அவர்களுக்குச் சென்னைச் சிற்றலைதான், அந்த ஏறி இறங்கும் குரலோடு.