சென்னைக்குச் சோறு வரும் வழி

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'நகரத்தின் உணவும் மக்கள் நலமும்' என்று அழைப்பிதழில் பார்த்ததும், இவர் கலப்படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று பலர் நினைத்திருப்பீர்கள். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, தேனில் சர்க்கரைப்பாகு, ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி... வாசலில் ஒரு அம்மா தேன் பாட்டிலோடுகூட நிற்கிறார். அம்மா, மன்னிக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பேச்சு கொஞ்சம்தான்.

கலப்படம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது நினைவிருக்கும். துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயத்தைக் குழந்தைகள் நக்கிச் சாப்பிடும் பண்டத்தில் கலந்திருந்தார்கள். ஆய்வகத்தில் சோதித்தார்கள், உறுதியானது, தடை செய்தார்கள். அது முறையான வேலை. என் வருத்தமெல்லாம், உணவு என்றாலே நமக்கு விஷம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது என்பதில்தான். நம்மைப் படுக்க வைக்கிற சமாச்சாரங்கள் பெரும்பாலும் வேறு. வெயில், நேரம், தண்ணீர், விலை. இவற்றை வீடியோ எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 2,000 கிலோ இறைச்சி எழும்பூரில் வந்து இறங்கியது. பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததாம். அவ்வளவுதான், 'நாய்க்கறி' என்று ஊரெல்லாம் பேச்சு. பிரியாணிக் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகம் சோதித்து, அது ஆட்டு இனத்து இறைச்சிதான் என்று சொல்லியது. உடனே ஊர் பெருமூச்சு விட்டது, விஷயம் முடிந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாராவது கேட்டோமா? ராஜஸ்தானிலிருந்து சென்னை வரை இவ்வளவு தூரம் தெர்மோகோல் பெட்டியில் வந்த இறைச்சி எத்தனை டிகிரியில் இருந்தது? ஆடா நாயா என்பதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட இதில் காட்டவில்லை. ஆடே ஆனாலும், வழியில் கெட்டுப்போயிருந்தால் கெட்டதுதானே?

2025 கோடையில் தர்பூசணி. சாயம் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த ஒரு வாரத்தில் பழம் வாங்க ஆள் இல்லை, வயலிலேயே போட்டுவிட்டு விவசாயிகள் தவித்தார்கள். உச்சி வெயிலில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குப் பத்து, இருபது ரூபாயில் தாகம் தீர்க்கிற பண்டம் அது. அதைப் பயமுறுத்திப் பிடுங்கிவிட்டால் அவர் எதைக் குடிப்பார்? கலர் கலராக ஒரு பாட்டிலை. பீதியும் உடம்பைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கோயம்பேட்டுக்கு வருவோம்.

ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி என்று இருந்தது. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அந்த நெரிசலும் சேறும் வாசனையும் மறந்திருக்காது. அந்த மொத்த வியாபாரத்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 295 ஏக்கர் வளாகம், காய், கனி, பூ என்று மூவாயிரத்துக்கும் மேல் கடைகள். நாம் தூங்கும்போதுதான் அது விழித்திருக்கும். ஊட்டி கேரட், ஒட்டன்சத்திரத்து முருங்கை, மதனப்பள்ளி, கோலார் பக்கத்துத் தக்காளி, நாசிக் வெங்காயம், கிருஷ்ணகிரி மாங்காய் எல்லாம் ராத்திரியில் லோடு இறங்கும். விடிவதற்குள் சில்லறைக் கடைக்காரர்கள் ஆட்டோவிலும் மினி வேனிலும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நீங்கள் ஒடித்துப் பார்த்து வாங்குகிற வெண்டைக்காய்க்கு அதற்குள் ஒரு ராத்திரிப் பயணமும் மூன்று கைமாற்றமும் முடிந்திருக்கும்.

அந்த மூன்று கைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற தொழிலாளிகளில் நிறையப் பேர் கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே சாக்கை விரித்துப் படுப்பார்கள். கை கழுவக் குழாய் தேட வேண்டும். கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். இதெல்லாம் பல வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 'பாவம்' என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

2020 வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. காய்கறி மட்டும் நிற்கக்கூடாதே, அதனால் ஊரே அடைத்துக்கிடந்தபோதும் கோயம்பேடு திறந்திருந்தது. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று ஒன்று, இரண்டு என்று தெரிய ஆரம்பித்தது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் தொழிலாளிகள் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் கடலூர், விழுப்புரம் எல்லாம் எண்ணிக்கை எகிறியது. அரியலூர் மாதிரிச் சின்ன மாவட்டத்தில்கூட. ஒரே சந்தையிலிருந்து மாநிலம் பூராவும் பரவியது. தக்காளியில் ஒட்டிக்கொண்டு போகவில்லை, தக்காளி சுமந்தவரோடு போனது. அவரைப் பழி சொன்னவர்களும் உண்டு. அது அநியாயம். நாம் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு சாம்பார் வைத்தோமே, அதற்காகத்தான் அவர் அங்கே நின்றார்.

அப்புறம் திருமழிசையில் திறந்தவெளியில் தற்காலிகச் சந்தை, பழத்துக்கு மாதவரம், பூவுக்கு வானகரம் என்று பிரித்தார்கள். செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேடு படிப்படியாகத் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து மாதம். ஒரு கோடி வாய்களுக்கு மேல் இருக்கிற ஊர் ஒரே சந்தையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அப்போது பார்த்தோம். ஊரைச் சுற்றி நாலைந்து சிறிய மொத்தச் சந்தைகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் தொழிலாளிக்குப் படுக்க இடமும் குளிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் பேசினோம். பேச்சு எங்கே போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஆள் சிரிக்கிறார்கள்.

இப்போது பால். பாலைப்போலச் சீக்கிரம் கெடுகிற பண்டம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் பாக்கெட் பால் குடித்து வயிற்றுப்போக்கு என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமா? இல்லை. காரணம் மந்திரம் இல்லை. கிராமத்துச் சங்கத்தில் கறந்து ஊற்றிய பால் குளிர்விப்பான் தொட்டியில் 4 டிகிரிக்கு இறங்குகிறது. அதே குளிர்ச்சியில் டேங்கரில் வருகிறது. ஆலையில் 72 டிகிரியில் 15 வினாடி சூடேற்றி, மறுபடி குளிரவைத்து, பாக்கெட் போட்டு, விடியற்காலை பூத்துக்கு வருகிறது. போதாக்குறைக்கு நம் வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். ஒரு கண்ணிகூட விடுபடாத சங்கிலி அது. முன்பு நகரத்துக்குள்ளேயே மாடு கட்டி, வீட்டு வாசலில் கறந்து கொடுத்த காலம் இருந்தது. ஊருக்குள் இருந்த மாடுகளை வெளியே கொண்டுபோக உருவானதுதான் மாதவரம் பால் பண்ணைக் காலனி. இத்தனை கட்டுமானமும் பல பத்தாண்டு உழைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் ஆலைப் பக்கம் வெள்ளம் சூழ்ந்ததும், இரண்டு மூன்று நாள் ஒரு பாக்கெட் பாலுக்கு ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் அலைந்தார்கள். அன்றுதான் பலருக்கு அந்தச் சங்கிலி இருப்பதே தெரிந்தது.

மீனுக்கும் கறிக்கும் இப்படி ஒன்று நாம் கட்டவே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குத் தடைக்காலம் கிடையாதே! கேரளம், கர்நாடகம் என்று மேற்குக் கடற்கரையிலிருந்து மீன் வருகிறது. அக்கினி நட்சத்திர வெயிலில், லாரியில். அதைக் காப்பாற்றுவது ஐஸ் ஒன்றுதான். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது? கட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், கோணிச் சாக்கில் போட்டு, கட்டையால் அடித்து நொறுக்குகிறார்கள். மீன் கடையில் மிஞ்சிய ஐஸும் ஜூஸ் கடைக்குப் போகிற ஐஸும் பார்க்க ஒரே மாதிரி. மகாராஷ்டிராவில் 2018-இல் ஒரு உத்தரவு போட்டார்கள்: சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று. எவ்வளவு எளிய யோசனை! படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

கிருமிக் கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பெரும்பாலான கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோதான சூடும் ஈரமும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் ஒன்று ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். சென்னையில் மார்கழிகூட இந்த எல்லைக்குள்தான் வருகிறது. கல்யாண மண்டபத்தில் பதினோரு மணிக்கு இறக்கிவைத்த கூட்டை மூன்று மணிப் பந்திக்குப் பரிமாறுகிறோமே, அதில் சமையல்காரர் எந்த விஷமும் கலக்கவில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். 1992-இல் உலகத்துக்கே புதிதான ஒரு காலரா வகை, ஓ139 என்று பெயர், முதலில் அடையாளம் காணப்பட்டது இந்தச் சென்னையில்தான். பிறகு வங்காளம், வங்கதேசம் என்று பரவியது. பெருமைப்படக்கூடிய சாதனை இல்லைதான், ஆனாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

உங்கள் தெருவில் ஒரு இட்லிக் கடைத் தள்ளுவண்டி இருக்கும். இட்லி ஆவியில் வெந்தது, சாம்பார் கொதித்தது, அதில் பயமில்லை. வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் வாளி. ஒன்றில் தட்டை முக்கி எடுக்க, இன்னொன்றில் அலசிவிட. எட்டரை மணிக்குள் இரண்டு வாளியும் ஒரே நிறம். அந்த அக்கா சுத்தம் தெரியாதவரா? தெரிந்ததால்தான் தட்டைக் கழுவாமல் இருக்க வழி கண்டுபிடித்தார்: தட்டின்மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்துச் சுடச்சுடச் சாம்பாரை ஊற்றினார். அதையும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தோம். தடை சரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிய கை ஒரு குழாயைக் கொடுத்ததா? அவர் ஒரு குடம் தண்ணீரை அரை கிலோமீட்டரிலிருந்து தூக்கி வருகிறார். அவருக்கு அபராதம் போட்டால் தண்ணீர் வந்துவிடுமா?

கடைசியாக விலை. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் மதிய உணவு போடத் தீர்மானித்தது. அன்றிலிருந்து 2013-இல் ஒரு ரூபாய் இட்லி போட்ட அம்மா உணவகம் வரை, பசியை இந்த ஊர் பொதுக் காரியமாகவே பார்த்திருக்கிறது. கட்சி பேதமில்லாமல் பாராட்ட வேண்டிய மரபு. ரேஷனில் அரிசியும் விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் தக்காளி? 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. விலை ஏறினால் வீட்டில் முதலில் நிற்பது காய்தான். சோறு நிற்காது, ஒரு கரண்டி கூடுதலாகவே விழும், ரசமோ ஊறுகாயோ துணைக்கு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. அது பணக்கார வியாதி என்று இன்னும் யாராவது சொன்னால், ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு வரிசையைக் காலையில் போய்ப் பார்க்கட்டும். அரிசியை மலிவாக்கத் தெரிந்த அரசுக்குப் பருப்பையும் கீரையையும் மலிவாக்குவது முடியாத காரியமில்லை. அதற்கான நெருக்கடியை நாம் கொடுக்கவில்லை.

எல்லா வார்டிலும் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று நடக்க வேண்டும், சட்டம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது 'ரெய்டு நடத்துங்கள்' என்று கேட்காதீர்கள். ரெய்டு நடக்கும், படம் வரும், மறுவாரம் பழையபடிதான். தள்ளுவண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் சாக்கடை இணைப்பும் கேளுங்கள். உங்கள் பகுதி மீன் மார்க்கெட்டுக்கு வருகிற ஐஸ் எந்தத் தொழிற்சாலை, அந்தத் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்துப்போன மாதிரிகளின் முடிவை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள், நல்ல முடிவானாலும் சரி. கோயம்பேட்டுக்குப் போனால் மறக்காமல் கழிப்பறைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம் இருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். மீன் வியாபாரம் பார்க்கிறவர்கள் யாராவது வந்திருந்தால் முதலில் அவர்கள் பேசட்டும். ஐஸ் விலை இன்றைக்கு என்ன, நல்ல ஐஸ் வாங்கினால் கூடைக்கு எவ்வளவு கூடும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்போம். தேன் பாட்டில் அம்மா அதற்கு அடுத்து.