மட்டையோடு விழுந்த தேங்காய்

புதுச்சேரி வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆசை ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை மோதிவிட்டவர் வீட்டில் மறுநாள் காலை இரண்டு விதமான பேச்சு நடக்கும். விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், "உயிர் தப்பிச்சதே பெரிசு, இரும்புதானே, விடுப்பா" என்பார்கள். மீதிப் பேர், "கண் பட்டுப்போச்சு, வாங்கினப்பவே ஒரு பூசணிக்காய் உடைச்சிருக்கணும்" என்பார்கள். வண்டிக்காரர் இரண்டையும் காதில் வாங்கமாட்டார். எப்படியாவது பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மண்டைக்குள் ஓடும். பணத்தை அதிகமாகக் கரைப்பது விபத்தைவிட அந்த எண்ணம்தான். அதனால் மனசு ஆறும்வரை முடிவை மனசிடம் விடாமல், வண்டியை அளந்து பார்த்த அளவிடம் விடுவது எப்படி என்று பேசலாமென்று வந்திருக்கிறேன். அளவு, அளவு என்று இன்றைக்குப் பல தடவை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. கழுத்து வலி பலருக்கு அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும். சீட் பெல்ட் அழுந்திய தடம் வயிற்றில் இருந்து, வயிறும் வலித்தால் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலும் அப்படித்தான். ஜிப்மரோ, கடலூர் அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். வண்டி எங்கேயும் ஓடிவிடாது.

மோதிய இடத்திலேயே நடக்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. "ஒரு தடவை ஸ்டார்ட் போட்டுப் பார்ப்போமே." கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருக்கிற வண்டி. சென்டர் மீடியனில் ஏறியிருந்தால் அடியில் இன்ஜின் ஆயில் தேங்கி நிற்கிற தொட்டியில், அதாவது ஆயில் சம்ப்பில், விரிசல் விட்டிருக்கலாம். பல வண்டிகளில் அது அலுமினியம், நெளியாது, உடையும். ஆயில் கொட்டிப்போன இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டினாலே பேரிங் போய்விடும். முன்பக்கம் ரேடியேட்டர் கிழிந்து தண்ணீர் போயிருந்தால் சூடேறி சிலிண்டர் ஹெட் வளையும். இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மோதலில் உடைந்த சம்ப்புக்கு இன்சூரன்ஸ் பணம் தரும். நீங்கள் ஸ்டார்ட் போட்டதால் போன இன்ஜினுக்குத் தராது. சரிசெய்யாமல் ஓட்டி அதிகமான சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. ஆகவே சாவியை ஆஃப் செய்துவிட்டு இறங்கிவிடுங்கள். வண்டியைச் சுற்றி நான்கு மூலையிலும் போட்டோ, நம்பர் பிளேட்டோடு ஒன்று, ரோட்டில் டயர் தேய்ந்த தடம் ஒன்று எடுங்கள். டேஷ் கேமரா இருந்தால் அதன் மெமரி கார்டைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது ஓட்டியவரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு. எந்த ஸ்டேஷன் என்பதுதான் நம் ஊர்ப்பக்கம் வேடிக்கை. ஈ.சி.ஆரில் முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. கடலூர் ரோட்டில் முள்ளோடை வரை புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். மோதிய இடம் எந்தப் பக்கமோ அந்த ஸ்டேஷன்தான் விசாரிக்கும். இடம் குழப்பமாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லலாம், அவர்கள் மாற்றி அனுப்பவேண்டும். காயம் உள்ள கேஸ் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து ரிப்போர்ட் தரும்வரை வண்டியில் கை வைக்கக்கூடாது. அதன்பின் ஸ்டேஷனிலேயே வண்டி கிடக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்கலாம். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது.

தூக்கிப் போவது. தயவுசெய்து கொக்கி கிரேன் வேண்டாம். முன்பக்கத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் மிச்சமிருந்த பம்பரும் போய்விடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் போகும். படுக்கை மாதிரி தட்டையான தட்டு உள்ள ஃப்ளாட்பெட் கேளுங்கள். அதன் சாய்வுப் பலகையிலும் பம்பர் இடிக்கும். இரண்டு மீட்டர் நீள மரப்பலகை இரண்டைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டால் சாய்வு குறையும். பட்டையைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், அடியில் சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில் கட்டவிடாதீர்கள். செலவையும் முன்கூட்டியே கேளுங்கள். சாதாரண பாலிசியில் இழுத்துப்போக 1,500 ரூபாய்தான் கிடைக்கும். கம்பெனி ஒர்க்‌ஷாப் சென்னையில் என்றால் அது நூற்றைம்பது கிலோமீட்டர்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

"பென்ஸ் மாதிரி வண்டி எப்படி இப்படி அப்பளமாக நொறுங்கிச்சு? அந்தக் காலத்து அம்பாசடரா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று யாராவது சொல்வார்கள். கேட்பவருக்கு ஏமாந்துவிட்டோமோ என்று இன்னும் வலிக்கும். நம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அறுபதடி மரத்திலிருந்து தேங்காய் விழுகிறது, உடைவதில்லை. அதையே மட்டையை உரித்துவிட்டு மேலிருந்து போடுங்கள், கருங்கல்லில் அடித்த சிதறுகாய்தான். மட்டையில் இருக்கிற நார் நசுங்கி நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, ஓடு தப்பிக்கிறது. கார் விஷயத்தில் இதை யோசித்தவர் பேலா பாரெனி என்ற ஆஸ்திரிய இன்ஜினியர். டைம்லர்-பென்ஸில் வேலை பார்த்தவர். அதுவரை கார் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பத்திரம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். முன்னும் பின்னும் நசுங்கட்டும், ஆள் உட்காருகிற நடுக்கூடு மட்டும் கெட்டியாக இருக்கட்டும் என்று அவர் 1951-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். 1959-ல் அந்த முறையில் பென்ஸ் கார் வெளியே வந்தது. இன்றைக்கு ஓடுகிற கார்கள் எல்லாமே அந்த வழிதான். பானட் அப்பளமாகி, கதவு மட்டும் கையால் திறந்து நீங்கள் இறங்கி வந்தீர்கள் என்றால், அந்த வண்டி தயாரித்தவன் நினைத்தபடியே நடந்திருக்கிறது. மட்டையோடு விழுந்த தேங்காய்.

ஆனால் ஒரு தடவை நசுங்கிய நார் திரும்ப நிமிராது. அளவு என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

நம் ஊர் டிங்கர் மாஸ்டர்களின் கை கெட்டிக்காரக் கை. மட்கார்டு, கதவுத் தகடு எல்லாம் சுத்தியலும் பட்டியும் வைத்து நேற்று வாங்கியது போல ஆக்கிவிடுவார்கள். தகடுவரை சரி. உள்ளே எலும்பு மாதிரி ஓடுகிற ரெயில், கதவுத் தூண், இவையெல்லாம் இப்போது பல வண்டிகளில் போரான் போன்றவை சேர்த்த கடினமான எஃகில் வருகின்றன. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், பலம் போயிருக்கும். அடுத்த மோதலில் மட்டை இல்லாத தேங்காய்தான். அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். அலுமினியம் பாடி என்றால் இன்னும் தனி. இரும்பில் வேலை செய்த அதே பிரஷ்ஷை அதில் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி அரிக்கும்.

ஆகவே எஸ்டிமேட்டுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, "அளவு எடுத்தீர்களா?" வண்டியை அசையாமல் பிடிக்கிற ஜிக் என்ற இரும்புச் சட்டத்தில் ஏற்றி, அடியில் உள்ள குறிப்பிட்ட புள்ளிகளுக்கு இடையே அளந்து, கம்பெனி அட்டவணையோடு ஒப்பிட்டு அச்சடித்துத் தருவார்கள். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் பரவாயில்லை. அந்தத் தாள் வேலைக்கு முன் ஒன்று, வேலை முடிந்தபின் ஒன்று, இரண்டும் உங்கள் கையில் இருக்கவேண்டும். வாய்ச்சொல் போதாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியதும் உண்டு. கதவு இடுக்கில் சுண்டுவிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டுங்கள். மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்றால் தூண் சாய்ந்திருக்கலாம். அலைன்மென்ட் தாளில் இரண்டு முன்சக்கரத்தின் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற கோணத்தை, பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, டோவை, அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பி நிற்கிற கோணத்தை, மட்டும் திருகிச் சரிசெய்து ஏமாற்றக்கூடாது. ஏர்பேக் விளக்கையும் பாருங்கள். சாவி போட்டதும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். ஏர்பேக் வெடித்த வண்டியில் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற ப்ரிடென்ஷனரும் வெடித்திருக்கும். அது ஒரு தடவை பட்டாசு. பழைய பெல்ட்டையே மாட்டித் தரவிடாதீர்கள்.

உப்புக்காற்று. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கிளெய்ம் முடியவேண்டும் என்று வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நிற்கும். பெயிண்ட் உரிந்த இடம் கடலோரத்தில் சில நாளிலேயே செந்நிறமாகும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் பார்த்து போட்டோ எடுத்தபின், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து இன்னும் துருப்பிடிக்கும். காற்று போகிற துணி உறை நல்லது. பேட்டரியில் மைனஸ் வயரை எடுத்து வைக்கட்டும். எலியையும் மறக்காதீர்கள். மோதலில் தப்பிய வயரிங்கை எலி முடித்துவைக்கும்.

பணக் கணக்கு. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும், உங்கள் வண்டிக்குப் போட்ட மதிப்பு அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போனதாகவே கணக்கு. ஐ.டி.வி. 40 லட்சம் என்றால் கோடு 30 லட்சத்தில். தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற பம்பர் டு பம்பர் எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிதான் தருவார்கள். ஒரு லட்ச ரூபாய் பம்பருக்கு உங்கள் கையிலிருந்து ஐம்பதாயிரம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. கழற்றிய பிறகு உள்ளே புதுச் சேதம் தெரிந்தால் சர்வேயரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியபின் மாற்றவேண்டும்; கழற்றிய பழைய பாகங்களை அவர் மறுபடி பார்க்கும்வரை எடைக்குப் போடக்கூடாது. கடன் இருந்தால் டோட்டல் லாஸ் பணம் முதலில் பேங்குக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. 30 லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 29-ல் எஸ்டிமேட்டை இழுத்து நிறுத்தச் சொல்லி ஒர்க்‌ஷாப்பிடம் கெஞ்சுகிறவர்கள் உண்டு, வண்டி மேல் உள்ள பிரியத்தில். பிரித்தபின் அது 35 ஆகும். அளவுத் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். திரும்ப ஸ்டியரிங் பிடிக்கும் பயம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சில வாரம் தூக்கத்தில் பிரேக் மிதிப்பது சகஜம். வேறு வண்டியில், காலை வெயிலுக்கு முன், பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு மோதிய அதே ரோடு என்று போங்கள். ஒரு மாதம் தாண்டியும் அந்தச் சத்தம் காதில் கேட்டால், ரோட்டையே தவிர்த்தால் டாக்டரிடம் போங்கள். மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ் என்ற அரசு போன் சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. டோட்டல் லாஸ் ஆன வண்டி இனி ஓடவே ஓடாது என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி ஆர்.சி.யை ரத்து செய்யக் கொடுங்கள். வாங்குகிறவர் அதைச் சரிசெய்து ஓட்டப்போகிறார் என்றால் பெயர் மாறும்வரை விடாதீர்கள்; அதுவரை அந்த வண்டி யாரை இடித்தாலும் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். வண்டியின் திரையில் உங்கள் போன், வீட்டு முகவரி எல்லாம் பதிவாகியிருக்கும், அழித்துவிடுங்கள். இரண்டாவது சாவி பீரோவில் இருக்கும், அதையும் எடுத்துக் கொடுக்கவேண்டும். வணக்கம்.