ராத்திரிக்கு ஒன்று, காலைக்கு ஒன்று: மன அதிர்ச்சியும் கலப்புப் போதையும்

(திரையில்: இருட்டு அறை. கடிகாரத்தில் மணி 2.40.)

வணக்கம். வியட்நாம் போரிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய ஒரு சிப்பாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் கற்பனைதான். ஆனால் இவரைப் போலப் பல பேர் இருந்தார்கள்.

ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் நடுராத்திரியில் எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். வந்து படுத்தால் அதே கனவு. திரும்பவும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். இந்தத் தொல்லை இல்லாமல் தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தார். குடித்தால் காலையில் தலை தூக்க முடியவில்லை. வேலைக்குப் போக வேண்டுமே, அதற்கு விழிப்பைக் கூட்டும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரை. அது மத்தியானம் படபடப்பைக் கொண்டுவருகிறது, அதை அடக்க இன்னொரு மாத்திரை. சாயங்காலம் கஞ்சா. அப்புறம் மறுபடி பாட்டில்.

"எது கிடைத்தாலும் விடமாட்டான்" என்று பார்ப்பவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. என்னென்ன எடுத்தார் என்று எண்ணுவதைவிட, எதை எந்த மணிக்கு எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வேலை கொடுத்திருப்பது தெரியும்.

(திரையில்: மூளையின் படம். அமிக்டலா சிவப்பில்.)

ஆபத்து வந்தால் எச்சரிக்கை மணி அடிப்பது மூளையில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி. கூடவே நோர்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரந்து இதயம் வேகமெடுக்கும், உடம்பு ஓடத் தயாராகும். பயங்கரமான ஒன்றை அனுபவித்த சிலருக்கு, ஆபத்து போன பிறகும் அந்த மணி நிற்பதில்லை. இதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது 1980-இல்தான். போரே அதற்கு ஐந்து வருடம் முன்பு முடிந்துவிட்டது. அதுவரை நம் சிப்பாய்க்கு இருந்த ஒரே பெயர் குடிகாரன்.

தாங்க முடியாத மனவேதனைக்கு மனிதர்கள் தாங்களே மருந்து தேடிக்கொள்கிறார்கள் என்று மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்ஸியன் 1985-இல் எழுதினார். சரி, அந்த மருந்து வேலை செய்கிறதா? முதல் சில மணி நேரம் செய்கிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

மது உள்ளே போனால் ராத்திரியின் முதல் பாதியில் கனவுத் தூக்கம் அமுங்கிவிடும். நிம்மதி. ஆனால் போதை இறங்க இறங்க, அமுங்கியது பின்பாதியில் பொங்கி வரும். கனவு முன்னைவிடக் கொடுமையாக வரலாம். அந்த 2.40 மணி விழிப்பு இப்படி வந்ததுதான். மது இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். பி.டி.எஸ்.டி.யும் இதையேதான் செய்யும். எது போரின் பயம், எது நேற்றைய சரக்கின் மிச்சம் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அடுத்த பொருளைத் தேடுகிறார்.

இந்தச் சுழலுக்குப் போதைப்பொருள் மட்டும்தான் காரணமா? லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், 1971-இல் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைத் தேடிப்போய் விசாரித்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்தவர். அப்படி இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியதும் பெரும்பாலோருக்கு ஹெராயின் விட்டுப்போனது. போர் அப்படி விடவில்லை. 1980-களின் பின்பாதியில் நடந்த தேசிய ஆய்வில், அங்கே போய் வந்த ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்போதும் பி.டி.எஸ்.டி. இருந்தது.

இது சிப்பாய்களின் கதை மட்டுமல்ல. 1995-இல் வெளிவந்த அமெரிக்க மக்கள் ஆய்வில், பி.டி.எஸ்.டி. வந்த ஆண்களில் ஏறக்குறைய 52 சதவீதமும் பெண்களில் 28 சதவீதமும் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுப் பிரச்சினையில் சிக்கியிருந்தார்கள். பாலியல் வன்முறை, விபத்து, சிறுவயதில் பட்ட அடி, எதுவும் காரணமாகலாம்.

(திரையில்: மாத்திரை அட்டை, கண்ணாடி டம்ளர்.)

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். மது, தூக்க மாத்திரை, ஹெராயின் வகை வலி மருந்து மூன்றுமே மூச்சை மந்தமாக்கும். சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அந்த வகை வலி மருந்தையும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பென்சோடயசெபின் மாத்திரையையும் சேர்த்து எடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. மதுவையோ பென்சோடயசெபினையோ நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

"முதலில் குடியை விடு, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. தூங்கவே முடியாதவரிடம் தூக்கத்துக்கு இருந்த ஒரே வழியைப் பிடுங்குவது அது. 2012-இல் வெளியான சிட்னி ஆய்வில், இரண்டு பிரச்சினையும் உள்ள 103 பேரில் ஒரு பகுதியினருக்கு, அதிர்ச்சி நினைவை நேரடியாகப் பேசும் சிகிச்சையைப் போதை சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு பி.டி.எஸ்.டி. கூடுதலாகக் குறைந்தது. பழையதைக் கிளறினால் போதை அதிகமாகிவிடும் என்று பயந்தது நடக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், திட்டாமல் ஒரு நோட்டை எடுத்து அவரோடு உட்காருங்கள். ஒரு வாரம், எதை, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கடையில் வாங்கிய மாத்திரையையும் விடாதீர்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். ராத்திரி கதவை இழுத்துப் பார்க்க எழுந்த நேரமும் அதில் இருக்கட்டும்.