அத்திவாரம் வீட்டிலதான் ஐயா

நடுவர் ஐயாக்கும் சபையில பிள்ளையளை மடியில வச்சிருக்கிற ஆக்களுக்கும் வணக்கம். சின்னப்பிள்ளையின்ர வாசிப்புக்கும் எழுத்துக்கும் அத்திவாரம் போடுறது வீடா நேசறிப் பள்ளிக்கூடமா எண்டு கேட்டிருக்கிறியள், நாங்கள் வீடு எண்டு சொல்ல வந்திருக்கிறம்.

எதிரணித் தங்கச்சி பெருமையா சொன்னவா, தங்கட நேசறியில மூண்டரை வயசிலயே அ தொடங்கி ஃ வரை 13 எழுத்தும் கொப்பி நிறைய எழுதுவினமாம். சந்தோசம். என்ர மகளும் அப்பிடித்தான் எழுதினவள். ஒருநாள் "அம்மா எண்டு சொல்லேக்க ம எங்க கேக்குது" எண்டு கேட்டன், பெட்டை முழுசிப் பாக்குது. அவள் எழுதேல்லை ஐயா, படம் கீறியிருக்கிறாள்.

அதோட அ எண்டது லேசான எழுத்தே? சுழிச்சு வளைச்சு குறுக்க இழுத்து பேந்து கீழ இறக்கோணும். ட, ப எண்டா ஈர்க்கை முறிச்சு வச்சாலே வந்திடும். பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சுதான் முதலாம் ஆண்டு, அதுக்குள்ள என்ன அந்தரம்? மூண்டு வயசு விரலுக்கு ரொட்டி மா பிசையிறது, பயறு பொறுக்கிறது, முத்தத்து மண்ணில கோடு இழுக்கிறது இதுகள்தான் வேணும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்கயும் பென்சிலே குடுக்கிறம்? தட்டில அரிசி பரப்பி விரலைப் பிடிச்செல்லோ எழுதுவிக்கிறம்.

கூலிவேலைக்குப் போற, எழுத்து வாசனை இல்லாத தாய் என்னத்தைச் சொல்லிக்குடுப்பா எண்டும் கேட்டவை. இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுப்பன், மணியை அடிச்சுப்போடாதேங்கோ. 2009ல நாங்கள் சண்டையால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில, தரப்பாள் கொட்டிலுக்குள்ள, தம்பிக்கு நாலு வயசு, கொப்பியுமில்லை பென்சிலுமில்லை. அம்மம்மா கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற மனுசி, ஆனா தண்ணி வரிசையில நிக்கேக்க தம்பியைப் பிடிச்சு "பானை மாதிரித் தொடங்கிற வேற சாமான் சொல்லு பாப்பம்" எண்டுவா, அவன் பாய், பாக்கு, பாம்பு எண்டு அடுக்குவான். பின்னேரம் அக்கா புழுதியில ஈர்க்கால பா எண்டு கீறினவா, இவன் "பாம்பு" எண்டு கத்திக்கொண்டு பாய்ஞ்சு எழும்பினவன். எழுத்துத் தெரியாத கிழவி சத்தத்தைப் பழக்கி வச்சபடியாத்தானே எழுத்து வந்து டக்கெண்டு குந்தினது.

நேசறி ரீச்சர்மாரை நான் குறை சொல்லேல்லை, சொற்பக் காசுக்கு அவை படுற பாடு எங்களுக்குத் தெரியும். ஆனா 20, 25 பிள்ளையளுக்குள்ள ஒண்டை மடியில வச்சு ஒரே கதையை நாலுதரம் சொல்ல அவைக்கு எங்க நேரம்? பிள்ளைக்கோ அதே கதைதான் திருப்பித் திருப்பி வேணும். நரி வாற இடத்தில நாங்கள் வேணுமெண்டு நிப்பாட்டினா அது தானே மிச்சத்தைச் சொல்லும், ஒரு சொல்லை மாத்திச் சொன்னாச் சண்டைக்கு வரும்.

போன கிழமை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில பஸ் நிண்டது, கும்பிட்டிட்டு கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினம். மகள் கச்சானைத் திண்டு முடிச்சு சரையை விரிச்சு, ஏதோ பழைய பேப்பர், விரல் வச்சுத் தேடுறாள். "அப்பா, இஞ்ச நிக்குது அம்மான்ர ம!" பக்கத்து சீற்றுக் கிழவர் கண்ணாடியைப் போட்டு எட்டிப் பாத்திட்டு "ஓம் மோளை, ம தான்" எண்டார்.

மணி அடிக்குது, இருக்கிறன் ஐயா. அந்தச் சரை இப்பவும் அவளின்ர பைக்குள்ள கிடக்கு, எறிய விடுறாளில்லை.